கிட்னியைக் கெடுத்தது எந்த மாத்திரை?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் சில வருடம் நின்றவனுக்கு ஒரு பழக்கம் தானாக வந்துவிடும். வருகிற ஆளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கையில் இருக்கும் பையைப் பார்ப்பான். பை கனமாக இருந்தால் கதையும் கனமாகத்தான் இருக்கும்.

அந்த அக்கா கொண்டுவந்தது பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் காய்கறி போட்டுக் கொடுக்கிற சிவப்புப் பை. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. முப்பது வருடம் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர், இப்போது தாமான் (குடியிருப்பு) வீட்டில் மகனோடு இருக்கிறார். கை சும்மா இருக்காது என்று வாரத்தில் நாலு நாள் தெரிந்தவர் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கப் போகிறார். பையைக் கண்ணாடி மேல் கவிழ்த்தார்.

"தம்பி, போன வாரம் ரத்தம் எடுத்தாங்க. கிட்னி எறங்கிப் போச்சாம். இந்தப் பிரஷர் மாத்திரைதான் காரணம்னு அக்கம்பக்கத்துல எல்லாரும் சொல்றாங்க. நிப்பாட்டிட்டேன். சரிதானே?"

கவுண்டரில் கிடந்தவை இவை. அரசாங்க கிளினிக்கில் வாங்கிய பெரிண்டோபிரில் என்ற பிரஷர் மாத்திரை, உடம்பின் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஹைட்ரோகுளோரோதயசைட் என்ற தண்ணி மாத்திரை, இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) மெட்ஃபார்மின். வேறு ஊரில் ஒரு தனியார் கிளினிக்கில் கொடுத்த சின்னப் பிளாஸ்டிக் உறை. அதன் மேல் பேனாவால் 'வலிக்கு, சாப்பிட்ட பிறகு, 3 வேளை' என்பது மட்டும். உள்ளே இருந்த மாத்திரை டைக்ளோஃபினாக். கடைசியாக, மூட்டுவலிக்கென்று சந்தையில் வாங்கிய ஒரு டப்பா. லேபிளில் இஞ்சி படமும் எலும்பு படமும் இருந்தன, பதிவு எண் இல்லை.

அக்கா நிறுத்தியது பெரிண்டோபிரிலை. தினமும் மூன்று வேளை விடாமல் போட்டுக்கொண்டிருந்தது டைக்ளோஃபினாக். ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் இதையேதான் செய்திருப்பார்கள். பிரஷர் மாத்திரை கிட்னியை அரித்துவிடும் என்ற நம்பிக்கை நம்மவர்களிடம் ஆழமாக வேரோடியிருக்கிறது. வலி மாத்திரை மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அது போட்ட அரை மணி நேரத்தில் உதவி செய்கிறது. பிரஷர் மாத்திரையோ போட்டாலும் ஒன்றும் தெரியாது, போடாவிட்டாலும் ஒன்றும் தெரியாது. சந்தேகம் யார் மேல் விழும்?

உள்ளே நடப்பது இதற்கு நேர்மாறு. அதைச் சொல்லக் கிட்னியின் குழாய் வேலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. இதயம் தள்ளுகிற ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டு உறுப்புகளுக்கே போகிறது. ஒரு நாளைக்கு 180 லிட்டர் அளவுக்கு நீர் வடிகட்டப்பட்டு, அதில் ஒன்றரை இரண்டு லிட்டர் தவிர மற்றதெல்லாம் திரும்ப ரத்தத்துக்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது. இவ்வளவு வேலையும் அழுத்தத்தை நம்பித்தான் நடக்கிறது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். தண்ணீர் தொட்டியில் மட்டம் இருக்க வேண்டும், உள்ளே வரும் பைப் திறந்திருக்க வேண்டும், வெளியே போகும் பைப்பை அளவாக மூடிவைக்க வேண்டும். அப்போதுதான் நடுவில் அழுத்தம் நிற்கும்.

வடிகட்டிக்குள் ரத்தம் கொண்டுவரும் குழாயை விரித்து வைப்பவை புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்கள். வெளியே போகும் குழாயை இறுக்கிப் பிடிப்பது ஆஞ்சியோடென்சின். உடம்பில் நீர் குறையும்போது, வெயிலில் வேலை செய்யும்போது, வாந்தி பேதி வரும்போது இந்த இரண்டும் கூடுதலாக வேலை செய்து வடிகட்டியைக் காப்பாற்றும்.

இப்போது அக்காவின் பையைப் பாருங்கள். தண்ணி மாத்திரை தொட்டியின் மட்டத்தை இறக்குகிறது. பெரிண்டோபிரில் ஆஞ்சியோடென்சினைத் தடுத்து, வெளியே போகும் பைப்பைத் தளர்த்துகிறது. டைக்ளோஃபினாக் புரோஸ்டாகிளாண்டினை நிறுத்தி, உள்ளே வரும் பைப்பைச் சுருக்குகிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டியில் அழுத்தம் விழுந்துவிடும். கிட்னி வெந்து கருகிப் போவதில்லை. ரத்தம் போதாமல் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் மீண்டுவிடும் என்பதற்கும், கவனிக்காமல் நாள் கணக்காக விட்டால் திசுவே செத்துப்போகும் என்பதற்கும் காரணம் இதுதான்.

இந்த மூன்றின் கூட்டுக்கு 2000ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் ஒன்றில் 'மூன்று அடி' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்கள். இன்றும் மருத்துவர்களும் மருந்தாளர்களும் அந்தப் பெயரில்தான் பேசுகிறோம். பெரிண்டோபிரில், எனாலாபிரில், கேப்டோபிரில் என்று 'பிரில்'லில் முடிபவை ஒரு வகை. லோசார்டான், டெல்மிசார்டான், வல்சார்டான் என்று 'சார்டா'னில் முடிபவை அதே இடத்தில் வேறு வழியில் வேலை செய்பவை. இவற்றில் ஒன்று, ஒரு தண்ணி மாத்திரை, ஒரு வலி மாத்திரை. சார்டானும் தண்ணி மாத்திரையும் ஒரே வில்லையில் சேர்ந்து வருவதும் உண்டு. "நான் பிரஷருக்கு ஒரு மாத்திரைதான் போடுறேன்" என்று சொல்பவர் இரண்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

எவ்வளவு ஆபத்து? பயமுறுத்த வேண்டாம், எண்ணையே சொல்கிறேன். பிரஷர் மருந்து சாப்பிடும் 4,87,372 பேரின் பிரிட்டன் மருத்துவப் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வு 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. மூன்றையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குத் திடீர் சிறுநீரகப் பாதிப்பு வரும் வாய்ப்பு 31 சதவீதம் கூடுதல். முதல் 30 நாளில் மட்டும் பார்த்தால் 82 சதவீதம் கூடுதல். ஆனால் அடிப்படை எண் சிறியது: 10,000 பேரை ஒரு வருடம் கவனித்தால் 7 பேருக்கு அப்படி ஆனது. அதனால் ஒரு நாள் ஒரு மாத்திரை போட்டுவிட்டேன் என்று யாரும் ராத்திரி தூங்காமல் இருக்க வேண்டியதில்லை. வயதானவர், இனிப்பு நீர் உள்ளவர், ஏற்கனவே கிட்னி பாதி போனவர், வெயிலில் வியர்த்து உழைப்பவர் ஆகியோரிடம் நிலைமை வேறு. நம் ஊர்க் கவுண்டருக்கு வருபவர்களில் இந்த நாலும் ஒன்றாக உள்ள ஆளைத் தேட வேண்டியதே இல்லை, வரிசையில் நிற்கிறார்.

மலேசியாவில் 2019இல் எடுத்த தேசியக் கணக்கில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். நாள்பட்ட சிறுநீரக நோய் 2011இல் 9.07 சதவீதமாக இருந்து 2018இல் 15.48 சதவீதம் ஆனது. அப்படி நோய் உள்ளவர்களில் தனக்கு இருக்கிறது என்று தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான். தெரியாத கிட்னி நோயோடு ஒருவர் கவுண்டருக்கு வந்து "முட்டி வலிக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்கிறார் என்பதுதான் அந்த ஐந்து என்ற எண்ணுக்கு அர்த்தம்.

பிரில் வகை மருந்தின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அநியாயமாகப் பழி சுமப்பது அது. பிரேசில் நாட்டுக் குழி விரியன் பாம்பு ஒன்றின் நஞ்சிலிருந்து தொடங்கியது அது. செர்ஜியோ ஃபெரெய்ரா என்ற பிரேசில் ஆய்வாளர் அந்த நஞ்சின் சாரத்தை லண்டனில் ஜான் வேனின் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார். அந்தப் பாதையில் வந்த கேப்டோபிரில் 1981இல் விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டது. அதே ஜான் வேன்தான் 1971இல் ஆஸ்பிரின் போன்ற வலி மருந்துகள் புரோஸ்டாகிளாண்டினைத் தடுத்துத்தான் வேலை செய்கின்றன என்று காட்டினார். 1982இல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். அக்காவின் சிவப்புப் பையில் மோதிக்கொண்ட இரண்டு மருந்துகளும் ஒரே வீட்டு வாசலைத் தொட்டு வந்தவை.

1993இல் கேப்டோபிரில் நீரிழிவுக்காரர்களின் கிட்னி கெடுவதை மெதுவாக்குகிறது என்று நிரூபணமானது. 2001இல் லோசார்டான் விஷயத்திலும் அதே முடிவு வந்தது. வடிகட்டியில் தேவைக்கு மேல் இருக்கும் அழுத்தத்தைக் குறைப்பதால்தான் அது காக்கிறது. ஆரம்பித்த புதிதில் கிரியேட்டினின், அதாவது கிட்னி வடிகட்ட வேண்டிய ஒரு கழிவின் ரத்த அளவு, கொஞ்சம் ஏறும். 30 சதவீதம் வரை ஏறினால் மருத்துவர்கள் பொதுவாகப் பதறுவதில்லை. அதைச் சரிபார்க்கத்தான் ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள். அந்தத் தேதிக்குப் போகாமல் இருந்துவிட்டு, ஆறு மாதம் கழித்து எண்ணைப் பார்த்துப் பயந்து தானாக நிறுத்திவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கிறது. காவல்காரனை அனுப்பிவிட்டுத் திருடனைத் திண்ணையில் படுக்க வைக்கிற கதை.

வலி மருந்துப் பக்கம் போனால் பெயர்தான் முதல் குழப்பம். போன்ஸ்தான், வோல்ட்டாரன், சின்ஃப்ளெக்ஸ், புரூஃபென், அர்கோக்ஸியா எல்லாம் வேறு வேறு நிறம், வேறு வேறு விலை, ஒரே குடும்பம். போன்ஸ்தான் கேட்கவில்லை என்று வோல்ட்டாரனைச் சேர்த்துப் போட்டால் அடியை இரட்டிப்பாக்குவது மட்டும்தான் நடக்கும். "இது கேஸ்ட்ரிக் வராத மாத்திரை" என்று கொடுக்கப்படும் செலக்கோக்சிப், எட்டோரிகோக்சிப் வகை வயிற்றுக்கு இதமானவை என்பது உண்மை. கிட்னிக்கு அப்படி எந்தச் சலுகையும் இல்லை. பெனடால், அதாவது பாராசிட்டமால், இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. இதயத்துக்காக 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டு அதை நிறுத்த வேண்டாம். அந்தச் சிறிய அளவு வேறு கணக்கு.

இன்னொரு சங்கதி இருக்கிறது, எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. மூன்றாவது அடி பல நேரம் வெளியிலிருந்து வருவதில்லை, முதல் அடியே அதை அழைத்து வருகிறது. வலி மாத்திரை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பிரஷரை ஏற்றும். கிளினிக்கில் மருத்துவர் அளந்து பார்க்கிறார், 160. "மருந்து ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" "சாப்பிடுறேன் டாக்டர்." வலி மாத்திரையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பிரஷர் கேட்கவில்லை என்று தண்ணி மாத்திரை ஒன்று சேர்க்கப்படுகிறது. மூன்றும் கூடிவிட்டன. யாரும் தப்புச் செய்யவில்லை. அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிட்டுக் கால் வீங்கியவருக்கு, வீக்கத்துக்காக ஃப்ரூசமைட் என்ற தண்ணி மாத்திரை கொடுக்கப்படுவதும் இதே மாதிரி ஒரு சங்கிலி. அந்த வீக்கம் மருந்தின் விளைவு. அதற்கு இன்னொரு மருந்து.

முன்பு தோட்டத்தில் ஒரு டிரஸர் இருப்பார். காய்ச்சலுக்கும் அவர்தான், பிள்ளைப்பேறுக்கும் அவர்தான், வெட்டுக்காயத்துக்கும் அவர்தான். அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். கலர்த் தண்ணியைக் குடித்துவிட்டு வேலைக்குப் போ என்று விரட்டப்பட்டவர்களின் கதைகளையும் கேட்டிருக்கிறேன். ஆனாலும் யார் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பது ஒரு தலைக்குள் இருந்தது. இப்போது அரசாங்க கிளினிக், தனியார் கிளினிக், மருந்துக்கடை, சந்தை என்று நாலு இடம். ஒன்றில் எழுதுவது மற்றதற்குத் தெரியாது. நாலையும் இணைக்கும் ஒரே கம்பி நோயாளியின் கையில் இருக்கும் பிளாஸ்டிக் பை.

சந்தை டப்பாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மலேசியாவில் முறையாக விற்கப்படும் மருந்து எதிலும் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். பாரம்பரிய மருந்தென்றால் எண்ணுக்குப் பின்னால் 'டி' (T) என்ற எழுத்து வரும். 'வேர், மூலிகை மட்டுமே' என்று சொல்லி விற்ற மூட்டுவலிச் சரக்குகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் வலி மருந்துகளும் கலந்திருந்ததைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. வேர் இரண்டே நாளில் முட்டி வலியைப் பறக்கவிட்டால் வேரைச் சந்தேகப்பட வேண்டும். இதில் இன்னொரு சிக்கல்: ஸ்டீராய்டு கலந்ததை மாதக்கணக்கில் சாப்பிட்டவர் சடாரென்று நிறுத்தினால் மயக்கம் போட்டு விழலாம். உடம்பு தன் சொந்தச் சுரப்பை மறந்துபோயிருக்கும். டப்பாவைக் குப்பையில் வீசுவதற்கு முன் மருத்துவரிடம் காட்டச் சொல்வது இதற்காகத்தான்.

வேலையும் மருந்தும் இப்படிக் கைகோத்துக்கொள்வது நமக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. சுவீடனில் ஹஸ்க்வார்னா என்ற தொழிற்சாலை ஊரில், 1918 விஷக்காய்ச்சல் காலத்தில் ஒரு மருத்துவர் கொடுத்த பொடியை ஜனங்கள் காய்ச்சல் போன பின்னும் விடவில்லை. ஃபினாசெட்டினும் காஃபீனும் சேர்ந்த பொடி. வேலைக்குத் தெம்பு என்று தினமும் போட்டார்கள், பிறந்தநாளுக்குப் பரிசாகக்கூடக் கொடுத்துக்கொண்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்து அந்த ஊரில் கிட்னி கெட்டுச் செத்தவர்களை எண்ணிப் பார்த்தபோதுதான் பொடியின் கணக்கு வெளியே வந்தது. காலையில் மலையேறுவதற்கு முன் தேநீரோடு ஒரு போன்ஸ்தான் போட்டுக்கொள்ளும் நம் குலை வெட்டுகிறவர்களை நினைக்காமல் அந்தக் கதையை என்னால் படிக்க முடிந்ததில்லை.

தோட்டத்துக்கே உரிய இரண்டு ஆபத்துகள் இதோடு சேரும். வெயிலில் நீர் வற்றிய உடம்பில் மூன்று அடியும் பலமாக விழும். அப்புறம் எலிகள். செம்பனைக்காட்டில் எலி அதிகம், அதன் சிறுநீர் வழியாக வரும் எலிக்காய்ச்சல் கெண்டைக்காலில் கடும் வலியோடு தொடங்கும், தானே கிட்னியைத் தாக்கும். அந்த வலிக்கு வலி மாத்திரை போட்டால் எரிகிற வீட்டில் எண்ணெய். டெங்கியிலும் இவை கூடாது, அங்கே பயம் ரத்தக்கசிவு. காய்ச்சலும் உடம்பு வலியும் சேர்ந்து வந்தால் பெனடாலோடு நிறுத்திக்கொண்டு கிளினிக்குக்குப் போவதுதான் சரி.

கிட்னிக்குக் குளிர்ச்சி என்று இளநீரை வாங்கி வாங்கிக் கொடுக்கும் பாசக்கார மகன்களுக்கும் ஒரு வார்த்தை. பிரில், சார்டான் வகை மருந்துகள் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். கிட்னி பலவீனமானால் இன்னும் ஏறும். இளநீர் முழுக்கப் பொட்டாசியம். அது எல்லை மீறினால் வலியோ முன்னறிவிப்போ இல்லாமல் இதயத் துடிப்பு தடுமாறும். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோட்ரிமோக்சசோல் மாத்திரையும் பொட்டாசியத்தை ஏற்றுவதுதான். பிரஷருக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லாமல் அதை வாங்கக் கூடாது.

வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல் வரும் நாட்களில் பிரில், சார்டான், தண்ணி மாத்திரை, மெட்ஃபார்மின் ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லும் வழக்கம் பல நாட்டு மருத்துவர்களிடம் உண்டு. ஓரிரு நாளில் சாப்பாடு இறங்கியதும் மறுபடி தொடங்க வேண்டும். ஆனால் எதை நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதய பலவீனம் உள்ளவருக்குத் தண்ணி மாத்திரையை நிறுத்துவது வேறு ஆபத்து. சிறுநீர் குறைந்தால், முகம் கால் வீங்கினால் காத்திருக்கவே வேண்டாம். ஆனால் பெரும்பாலும் இப்படி எந்த அறிகுறியும் தெரியாது. பாதிக்கு மேல் வேலை நின்ற பிறகுதான் கிரியேட்டினினே வரம்பைத் தாண்டும்.

சரி, அக்காவுக்கு வருவோம். அன்று சாயங்காலமே மகனோடு அரசாங்க கிளினிக்குக்குப் போகச் சொன்னேன், சிவப்புப் பையோடு, டப்பாவும் சேர்த்து. ஒரு தாளில் எல்லா மருந்தின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். அங்கே டைக்ளோஃபினாக் நிறுத்தப்பட்டது. டப்பா மருத்துவர் பார்வையில் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. பெரிண்டோபிரில் சில நாள் கழித்துக் குறைந்த அளவில் திரும்பியது. கிரியேட்டினின் (லிட்டருக்கு மைக்ரோமோல் கணக்கில்) 168இல் இருந்தது மூன்று வாரத்தில் 121க்கு இறங்கியது. முழுசாகப் பழைய இடத்துக்கு வரவில்லை.

மறுபடி கடைக்கு வந்தபோது எண்ணைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை.

"அதெல்லாம் சரி தம்பி, முட்டி வலிக்குதே, அதுக்கு என்னா பண்றது?"

நியாயமான கேள்வி. முப்பது வருடம் மேட்டில் ஏறி இறங்கி, பால் வாளி தூக்கிய முட்டி அது. வலி மாத்திரை போடாதே என்று சொல்வது சுலபம், சொல்கிறவனுக்கு முட்டி வலிக்காது. பெனடால் ஒரு வேளைக்கு இரண்டு, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது, அதையும் மருத்துவர் சொன்ன அளவில் என்றேன். தேய்க்கிற ஜெல் உடம்புக்குள் போகும் அளவு மாத்திரையை விட மிகக் குறைவு. கிளினிக்கில் கேட்டுவிட்டு முட்டியில் மட்டும் தேய்க்கலாம் என்றேன். தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிப் பிரிவு இருக்கிறது, பரிந்துரைக் கடிதம் கேளுங்கள் என்றேன். உதிரிப்பழம் பொறுக்கக் குனியாமல் நீளக் கைப்பிடி வைத்த கருவி கிடைக்கிறது என்றதற்கு மட்டும் முகம் மலர்ந்தது.

போகும்போது பையிலிருந்து அந்தச் சந்தை டப்பாவை எடுத்துக் காட்டினார். காலியாக இருந்தது, கழுவியிருந்தார்.

"மருந்துதான் கெட்டது. டப்பா நல்ல டப்பா. கடுகு போட்டு வெச்சிக்கிறேன்."